காயத்தைச் சுற்றிய கறி

5 நவம்பர் 2023
லிவா பக்கத்துப் பண்ணை, அபுதாபி

அக்காவுக்கு, ஜெகின் எழுதுவது.

சாகிர் அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ரோலாவில் உன் வாசலில் வந்து நின்றதும் முதலில் என்னைத் திட்டுவாய். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாய். அதற்கப்புறம்தான் இந்தக் கடிதத்தைப் பிரிப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு.

சீசன் தொடங்கிவிட்டது. போன வருஷம் மாதிரியே கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மான் சுட வருகிற விருந்தாளிகளை யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். மார்ச் முடிகிறவரை ஆபீஸ் போன்தான், அதிலும் காவலாளி பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குக் கடிதம் மேல். காய்கறி எடுக்க ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷார்ஜா வருகிற சாகிர் அண்ணன்தான் நமக்குத் தபால்காரர். கீழக்கரைக்காரர், நல்ல மனுஷன். வழியில் பாட்டிலைத் திறக்காமல் வருவாரா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

உன் தம்பிக்கு இந்த வருஷம் துப்பாக்கி அறையில் டூட்டி. துடைப்பது, எண்ணெய் போடுவது, விருந்தாளிக்குத் தோட்டா எடுத்துக் கொடுப்பது, சுட்ட மானை உரிப்பது எல்லாம் நான்தான். மேலே சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான் பாய். அவர் என்னைக் கூப்பிட்டு, பழைய ஈயக் குண்டே வாங்கலாமா, இல்லை ஈயமே கலக்காத செம்புக் குண்டு வந்திருக்கிறதே அதை வாங்கலாமா, ரெண்டையும் சுட்டுப் பார்த்துச் சொல் என்றார். சுட்டேன். குறிவைத்த தாளில் ஈயக் குண்டு போட்ட ஓட்டைகளை ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்து மூடிவிடலாம். செம்பு தாளெங்கும் இறைந்து கிடந்தது. ஈயமே போதும் பாய் என்றேன். அவரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தத் தேசத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒன்றைக் கேட்டு முடிவு செய்தது இதுதான் முதல் தடவை. பெரிய ஆள் ஆகிவிட்டேன் பார்த்துக்கொள்.

பாட்டிலில் இருப்பது போன வருஷத்து அதே சரக்குதான். குண்டு பட்ட காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கறியைப் பெரிய கிச்சனில் வெட்டி ஒதுக்கிவிடுவார்கள். அது ஆட்களுடைய பங்கு. மற்றவர்கள் குழம்பு வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். நான் நம் குளச்சல் முறைப்படி வினிகரில் நன்றாக ஊறப்போட்டு ஊறுகாய் போட்டிருக்கிறேன். ஊற ஊறத்தான் ருசி. ஜோஸ்மி இன்னும் அது இல்லாமல் தயிர்ச்சோறு தின்ன மாட்டேன் என்கிறாளா? மாமா நிறையவே அனுப்புகிறேன், தின்னட்டும். அத்தானையும் கேட்டதாகச் சொல்.

ஜெகின்


19 நவம்பர் 2023
ரோலா, ஷார்ஜா

ஜெகின்,

முதலில் ஒன்று. அந்தக் கறியை நீ தின்னாதே. உன் ரூமில் யாரும் தின்ன வேண்டாம். ஆபீஸ் போனுக்கு நாலைந்து தரம் அடித்தேன், எடுத்தவன் ‘மாஃபி ஜெகின்’, ஜெகின் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

வெயில் காலத்திலிருந்தே ஜோஸ்மிக்கு உடம்பு சரியில்லை என்று போனில் சொன்னேன். சளி, வயிற்றுவலி என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், நர்ஸ் வேலை பார்த்து என்ன புண்ணியம். முகம் வெளுத்துப் போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். டாக்டர் இரும்புச்சத்து மருந்து எழுதினார், மாதக்கணக்கில் கொடுத்தேன். இரண்டரை வயதில் ‘அம்மா டூட்டிக்குப் போயிட்டு சீக்கிரம் வா’ என்று முழுசாகச் சொன்ன பிள்ளை, நாலு வயதில் கையை நீட்டி நீட்டி அழுகிறாள். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ஸ்கூலில் கேட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக நஸீரா என்று ஒரு டாக்டர் வந்திருக்கிறார். அவர்தான் வேறு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம். இருக்கவே கூடாத பொருள், மருந்து கொடுத்துத்தான் இறக்க வேண்டும் என்கிற அளவுக்கு இருக்கிறது. வீட்டுச் சுவரின் பெயின்ட், கண்மை, விளையாட்டுச் சாமான், மஞ்சள்தூள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். வீட்டில் பாதி குப்பைத்தொட்டிக்குப் போயிற்று.

உன் பாட்டில் மட்டும் மேசையில் இருந்தது. அதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? போன வாரம் அவளுக்கு ஊட்டும்போது விரலில் நெறநெறவென்று என்னவோ பட்டது. மணல் என்று நினைத்தேன். பிறகு மனது கேட்காமல், நாலு துண்டை டிபன் டப்பாவில் போட்டு முவைலாவில் இருக்கிற ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கிற ரோஹித்திடம் கொடுத்தேன். ஊறுகாய்க்கு எந்த இடத்தில் எலும்பு முறிந்திருக்கிறது என்று கேட்டுச் சிரித்தான். படம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

ரவையைச் சிந்தின மாதிரி இருந்தது, ஜெகின். ஒவ்வொரு துண்டிலும். கண்ணுக்குத் தெரியாத ஈயப் பொடிகூட அந்தப் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. என் பிள்ளைக்கு நானே என் கையால் ஒரு வருஷமாக அதை ஊட்டியிருக்கிறேன்.

புது பாட்டிலை சாகிர் அண்ணன் கண் முன்னாலேயே கழிப்பறையில் கொட்டினேன். அவர் உன்னிடம் சொல்வார்.

ராணி


2 டிசம்பர் 2023
பண்ணை

அக்கா,

சொன்னார். நீ கொட்டினதையும் சொன்னார், கொட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டதையும் சொன்னார். என் ரூமில் இருக்கிற நேபாளிப் பையன்கள் முன்னால் சொன்னார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. குண்டு என்பது ஒன்று. உள்ளே போகும், மறுபக்கம் வெளியே வரும். வராவிட்டால் நானே விரலை விட்டுத் துழாவி எடுத்துப் போடுகிறேன். கறியை மூன்று தண்ணீரில் அலசுகிறேன். ரவையாவது மண்ணாவது. அந்த மெஷினில் என்ன கோளாறோ.

ஈயம் என்ன நமக்குப் புதுசா? வலைக்கு ஈயக்குண்டு கோர்க்கும்போது அப்பா நம் ரெண்டு பேருக்கும் கொடுத்துப் பல்லால் கடித்து இறுக்கச் சொல்வாரே, மறந்துவிட்டதா? நீதான் என்னைவிட வேகமாகக் கடிப்பாய். எத்தனை வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்கள்? அவர்கள் எல்லாம் செத்தா போய்விட்டார்கள்?

வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இஸ்ரவேல் அத்தான் முசஃபாவில் என்ன வேலை பார்க்கிறார்? பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிற கடையில். அதற்குள் இருப்பது என்ன, அல்வாவா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த உடம்போடு ஷார்ஜா வந்து பிள்ளையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொள்கிறாரே, அது உன் கண்ணில் படவில்லை. புருஷனைச் சொல்ல வாய் வரவில்லை, பாலைவனத்தில் கிடக்கிற தம்பி மேல் போட்டுவிட்டாய்.

இந்தக் காட்டில் எனக்கென்று இருந்த சந்தோஷமே அந்தப் பாட்டிலை நிரப்பி அனுப்புவதுதான். என் கைச் சமையலில் விஷம் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

ஜெகின்


17 டிசம்பர் 2023
ரோலா

ஜெகின்,

உன் கடிதம் வந்தபோது அத்தான் வீட்டில்தான் இருந்தார். நான் குளியலறையில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிரித்துப் படித்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவர் அதற்குப் பிறகு மேலே ஏறி வரவில்லை. ஞாயிறன்று முசஃபாவிலிருந்து வருகிறார், எதிரே பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று நிமிர்ந்து பார்க்கிறார். நான் பிள்ளையை ஜன்னலில் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் ‘ப்பா ப்பா’ என்று கண்ணாடியைத் தட்டுகிறாள். அவர் கையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்.

அவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. பேட்டரிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற ஆம்பளையின் ரத்தத்தில் இருப்பதைவிட, வீட்டில் தயிர்ச்சோறு தின்கிற பிள்ளையின் ரத்தத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. அதைக் காட்டியும் அவர் மேலே வரமாட்டேன் என்கிறார். வேறு வேலை கிடைத்த பிறகு வருகிறாராம். நீ சொன்ன சொல் அவருக்குள் நன்றாக இறங்கிவிட்டது.

ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். இது காரீயம். பேரில்தான் ஒற்றுமை. ஈயக்குண்டைக் கடித்தோமே ஒன்றும் ஆகவில்லையே என்கிறாய். ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? பத்தாம் வகுப்புக் கணக்குக்கு எத்தனை தரம் போய் உட்கார்ந்தாய்? வாத்தியார் அடித்த அடிக்கெல்லாம் நீ மண்டு என்றுதானே நாம் நினைத்தோம். உன்னிடமிருந்து என்ன போயிற்று என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படி எழுதுவது கொடுமைதான். இப்போது எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

வினிகர் பற்றி நஸீரா டாக்டர் சொன்னார். சும்மா வேகவைத்துத் தின்றிருந்தால் பாதிக்கு மேல் உடம்பில் ஒட்டாமல் வெளியே போயிருக்குமாம். புளிப்பில் ஊறப்போட்டதில் ஈயம் கரைந்து கறியெல்லாம் பரவியிருக்கிறது. நம் ஊர்ப் பக்குவம்தான் நம் பிள்ளையைத் தின்றது.

இப்போது கொடுக்கிற மாத்திரை அழுகின முட்டை மாதிரி நாறும். அதைப் பிரித்து ஜூஸில் கலந்து, மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றுகிறேன். துப்புகிறாள், மறுபடியும் ஊற்றுகிறேன். பிறகு உன் ஊறுகாயைக் கேட்டு அழுகிறாள். அது இருந்த இடத்தைக் காட்டிக் காட்டி அழுகிறாள்.

எக்ஸ்ரே படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். ஈயக் குண்டே போதும் என்று சொன்னது நீ. நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லவும் உன்னால் முடியும். மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதாதே. அதைச் செய்.

ராணி


30 டிசம்பர் 2023
பண்ணை

அக்கா,

படத்தை ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். அப்போதும் நம்பவில்லை. என் புத்தி அப்படி. நீ சொன்னதுதான், மண்டு.

அதனால் ஒரு வேலை செய்தேன். தண்ணீர் கேன்களை நிரப்பி வரிசையாக வைத்து ஈயக் குண்டை அதற்குள் சுட்டேன். கேனுக்குள் கிடந்ததை எடுத்துத் தராசில் போட்டேன். போன எடையில் பாதிதான் திரும்பி வந்தது. மீதி எங்கே? தண்ணீரைத் தெளியவைத்து வெள்ளைத் துணியில் வடித்தேன். துணியில் சாம்பல் மாதிரி கருப்பாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன், நெறநெறவென்றது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கலீலுர் பாய் வந்து உடம்பு சரியில்லையா என்றார். அழுதுவிட்டேன்.

செம்புக் குண்டையும் அதேபோல் சுட்டேன். நுனி மட்டும் உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி நாலு பக்கமும் விரிந்து, முழுசாக வந்தது. எடை குறையவில்லை. துணியில் ஒன்றும் இல்லை.

நவம்பரில் செம்பு ஏன் இறைந்தது என்றும் தெரிந்துவிட்டது. குழாய்க்குள் பழைய குண்டுகளின் அழுக்கு அடைந்திருக்கும்போது புதுச் சரக்கைச் சுட்டால் இறையத்தான் செய்யும். அப்போது துடைக்காமல் சுட்டேன். இப்போது மருந்து போட்டு, பிரஷ் விட்டு, துணி வெள்ளையாக வருகிறவரை தேய்த்தேன். அதோடு செம்பு லேசானது என்பதால் ஈயத்தின் எடையிலேயே வாங்கினால் குண்டு நீண்டுவிடுகிறது, நம் துப்பாக்கிக்குப் பிடிக்கவில்லை. ஒரு படி எடை குறைந்ததைப் போட்டேன். ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அன்றைக்குக் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பாயிடம் உன் படத்தைக் காட்டினேன். அவருக்கும் பேத்தி இருக்கிறாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி செம்பு வரவழைக்கிறேன் என்றார். ஆனால் செம்பு வேகமாகப் போய்ப் பட்டால்தான் விரியும். தூரத்திலிருந்து சுட்டால் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மான் விழாது. அதனால் விருந்தாளியைப் பக்கத்தில் கூட்டிப் போய்த்தான் சுட வைக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் உன் பொறுப்பு என்றார். சரி என்றேன்.

ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். கொஞ்ச பேர் கேட்டார்கள். எனக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஆபீஸில் சொன்னேன், சீசன் முடியட்டும் என்றார்கள்.

அத்தானுக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அவர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்கும்போது நீயே இறங்கிப் போய்க் கொடு. மன்னிப்புக் கேட்காதே என்றாய், அதனால் உன்னிடம் கேட்கவில்லை.

ஜெகின்


14 ஜனவரி 2024
ரோலா

தம்பி,

அத்தான் மேலே வந்துவிட்டார். சீட்டில் நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன், காட்ட மாட்டேன் என்றார். கார்கோ கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

ரத்தத்தில் அளவு இறங்குகிறது. மாத்திரைக்கு இப்போது பழைய போராட்டம் இல்லை, பிள்ளையே மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். ஒரு சொல்தான். கிச்சனில் நின்று அழுதேன்.

பிப்ரவரியில் அவளை முழுசாகப் பரிசோதித்து, எந்த அளவுக்கு மீண்டிருக்கிறாள் என்று சொல்வார்களாம். எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனாலும் நீ அங்கே அந்தக் குண்டை நிறுத்திவிட்டாய் என்று நினைக்கும்போது மூச்சு கொஞ்சம் இறங்குகிறது. என் பிள்ளைக்கு வந்தது வேறு யார் பிள்ளைக்கும் வராது என்று ஒரு ஆறுதல். எழுது.

ராணி அக்கா


10 பிப்ரவரி 2024
பண்ணை

அக்கா,

போன தடவை நான் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

ஜனவரி முழுக்கச் செம்புதான். ஒரு மான்கூடத் தப்பவில்லை. குண்டு பட்ட இடத்துக் கறியை நானே வெட்டி, ரோஹித்தின் மெஷின் இல்லாவிட்டாலும் தண்ணீரில் பிசைந்து துணியில் வடித்துப் பார்ப்பேன், சுத்தமாக இருக்கும். ஆட்கள் என்னைப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு முதலாளியின் கூட்டாளி ஒருவர் வந்தார். பக்கத்தில் போகலாம் என்று கெஞ்சினேன். நான் சொல்லிக் கேட்கிற ஆளா அவர்? ஜீப்பை விட்டு இறங்காமலே, எங்கேயோ புள்ளியாகத் தெரிந்த மானைச் சுட்டார். பட்டது. மான் விழவில்லை, ஓடியது. மணல்மேடு தாண்டி ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனோம், இருட்டிவிட்டது. மறுநாள் வேலியோரத்தில் கிடந்தது. உயிர் இருந்தது. நான்தான் அதை முடித்தேன்.

கூட்டாளிகள் முன்னால் அவருக்கு அவமானம். இங்கே குண்டு சரியில்லை என்றார். யார் வாங்கியது என்று முதலாளி கேட்டார். கலீலுர் பாய் என்னைப் பார்த்தார். அவர் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனசில்லை, நானே கையைத் தூக்கினேன். கலாஸ், அவ்வளவுதான். அன்றைக்கே துப்பாக்கி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். செம்பை ஓரம் கட்டிவிட்டு ஈயப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

இப்போது முதலாளி வேட்டைக்கு வளர்க்கிற ராஜாளிகள் இருக்கிற கூடத்தில் கூட்டித் துடைக்கிறேன். அதற்கு ஏ.சி. உண்டு. சாயங்காலம் மெஸ்ஸில் காயத்துக் கறி வந்தது. தின்னாதீர்கள் என்று ஒவ்வொரு தட்டாகப் போய்ச் சொன்னேன். பங்களாதேஷ் சமையற்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, நீயும் போன வருஷம் இதே இடத்தில் உட்கார்ந்து தின்றவன்தானே என்றார். எல்லோரும் தின்றார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிறுத்திவிட்டேன் என்று உனக்கு இருந்த அந்த ஆறுதலையும் எடுத்துவிட்டேன். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை.

ஜெகின்


25 பிப்ரவரி 2024
ரோலா

ஜெகின்,

பரிசோதனை முடிந்தது. ரத்தத்தில் ஈயம் நன்றாக இறங்கிவிட்டது. நான் கைகூப்பினேன். நஸீரா டாக்டர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு உட்காரச் சொன்னார்.

ரத்தத்திலிருந்து எடுக்கலாமாம். எலும்புக்குள் போனது அங்கேயே இருந்து வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம். மூளையில் கெட்டது கெட்டதுதானாம். பேச்சு ஓரளவு வரும். படிப்பு மற்ற பிள்ளைகள் மாதிரி வராது. சாதாரண ஸ்கூலில் எடுக்க மாட்டார்கள். ‘இதுக்கு மேல மருந்து இல்ல, சிஸ்டர்’ என்று தமிழிலேயே சொன்னார். தெரிந்த நாலு வார்த்தையைச் சேர்த்து எனக்காகச் சொன்னார்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். நாகர்கோவிலில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இடம் இருக்கிறது. அத்தான் இங்கேயே இருப்பார்.

நீ முயன்றாய், எனக்குத் தெரியும். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்றும் தெரியும். ஊட்டினது நான், உன்னை மட்டும் சொல்ல எனக்கு வாய் ஏது. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்த வாசனை வருகிறது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. நம்மில் யார் மேல் அதிகம் வெறுப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி எழுத வேண்டாம். சீசன் முடிந்து போன் கைக்கு வந்த பிறகும் கூப்பிட வேண்டாம். என்றைக்காவது நான் கூப்பிடுவேன்.

ராணி


9 மார்ச் 2024
பண்ணை

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி. வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

இங்கே ஈயத்தை ஒழித்துவிட்டார்கள். என்னால் இல்லை.

போன வாரம் ராஜாளி ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது, தீனி எடுக்கவில்லை. எச்சம் பச்சையாகப் போனது. காலையில் பார்த்தேன், சொன்னேன். அடுத்த நிமிஷம் வண்டி வந்தது. முதலாளியின் சொந்த வண்டி. பறவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, என்னவென்று சொல்லிவிட்டார்கள். வயிற்றுக்குள் ஒரு பொட்டு ஈயம். மான்கறியின் ஓரத்தை அதற்கும் போட்டிருக்கிறார்கள். அங்கே சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தபோது நீ அனுப்பின படம்தான் என் கண்ணில் நின்றது.

முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார். இனி பண்ணைக்குள் ஈயக் குண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லாம் செம்பு. மற்ற ராஜாளிகள் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே ரத்தம் பார்த்தார்கள். நோய்ப்பட்டதற்கு ஊசி போட்டார்கள், இப்போது தேறிவிட்டது, கையில் வந்து உட்கார்கிறது. சரியான நேரத்தில் கண்டுபிடித்தாய் என்று எனக்குத் தோளில் தட்டிக் கொடுத்தார்கள்.

ஆட்களுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் பாய் என்று கலீலுர் பாயிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதுதான் ஈயமே இல்லையே, இனி என்ன என்றார். டிசம்பரில் ஜோஸ்மி தின்ற கறியின் படத்தைப் பார்த்தும் ஈயத்தை ஒழிக்காத மனுஷர்கள், ஒரு பறவைக்காக ஒரு மத்தியானத்தில் மாறிவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை அக்கா.

மிச்சம் இருந்த ஈயப் பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். எறிய மனசு வருமா? ஷார்ஜா போகிற வழியில் முதலாளியின் சித்தப்பா மகனுக்கு ஒரு சின்னப் பண்ணை இருக்கிறது. அங்கே ராஜாளி கிடையாது. வேலைக்காரர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள், ராஜஸ்தான்காரர்கள். பேப்பரெல்லாம் முறையாக எழுதி அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிகளை சாகிர் அண்ணன் வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், என் வாயில் வரவில்லை. இந்தக் கடிதமும் அந்தப் பெட்டிகளும் ஒரே வண்டியில்தான் வருகின்றன.

அங்கே இறக்கும்போது அந்த ஆட்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள் என்று சாகிர் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். காயத்தைச் சுற்றி ரெண்டு சாண் அளவுக்குக் கறியை வெட்டித் தூர எறிந்துவிட வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

“சொல்றேன் தம்பி. ஆனா அந்தக் கறியத்தானே நமக்குக் குடுக்குறாங்க. அதையும் வெட்டி எறிஞ்சுட்டா அவங்க எதத் திம்பாங்க?”

ஜெகின்